கறுத்த திரையும் மறைக்கப்பட்ட இலக்கங்களும்

2006 ஆம் ஆண்டு. நான் அப்போது பணியாற்றிய பத்திரிகையின் ஆசிரியபீடத்தில், ஒரு மூலையில், எவரும் தொடாத பழைய கணனி ஒன்று தூசிபடிந்து கிடந்தது. அதிலிருந்த முறைமை பழுதாகிப் பல மாதங்கள் கடந்திருந்தன. புதிதாக ஒன்றை விலைகொடுத்து வாங்க நிர்வாகத்துக்கு விருப்பமில்லை. "ஐயா, லினக்ஸ் போட்டுப் பார்ப்பமா?" என்று கேட்டார், பக்கவடிவமைப்புப் பிரிவில் வேலைசெய்த ஓர் இளைஞர். போட்டுப் பார்த்தோம்.

அரை மணி நேரத்தில் புதிய முறைமை வந்தமர்ந்தது. ஆனால், திரையில் எழுத்துகள் சுவரொட்டி எழுத்துகளைப்போலப் பருத்துத் தெரிந்தன. ஒரு சாளரத்தைத் திறந்தால் அதன் அடிப்பகுதி திரைக்குக் கீழே மறைந்து போனது. 'சரி' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். பொத்தான் இருக்கும் இடமோ கண்ணுக்குத் தெரியாது. தம்பி வரைவியல் அட்டையைத் தயாரித்த நிறுவனத்தின் மென்பொருளை இணையத்திலிருந்து இறக்கி நிறுவினார். கணனியை மீண்டும் இயக்கியபோது பருத்த எழுத்துகளும் இல்லை. முழுத் திரையும் கறுத்துவிட்டது.

"கணனி முடிந்தது" என்றேன். அவர் பதற்றப்படாமல் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினார். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள் தோன்றின. ஒரு கோப்பைத் திறந்து நான்கைந்து வரிகளைத் திருத்தினார். சிறிது நேரத்தில் தெளிவான முழுத் திரை வந்தது.

"என்ன செய்தீர்?"

"மொனிற்றருக்குரிய இலக்கம் பிழையா இருந்தது ஐயா. சரியானதைக் குடுத்தன்."

"அது கணனிக்கு முன்னரே தெரிந்திருக்க வேண்டாமா?"

"சொல்ல வேண்டிய ஆக்கள் சொல்லேல்லை ஐயா."

அந்தப் பதில் நெடுநாள் என் மனதில் நின்றது. சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமல் விட்டதைத் தேடுவதுதான் பத்திரிகையாளனின் தொழில். எனவே, இந்த இலக்கங்கள் எவை, அவற்றை யார் வைத்திருந்தார்கள், அவை எப்படி வெளியே வந்தன என்பதை ஓய்வு நேரங்களில் தேடி வாசிக்கத் தொடங்கினேன். அந்த வாசிப்பில் அறிந்த வரலாறே இந்தக் கட்டுரை.

திரைக்குள் நடப்பது என்ன?

அக்காலத்து மேசைத் திரைகள் பெரும்பாலும் கதோட்டுக் கதிர்க் குழாயினால் ஆனவை. குழாயின் பின்புறத்திலிருந்து வரும் இலத்திரன் கற்றை, இடமிருந்து வலமாக ஒரு வரியை வரையும். பின்னர் இடப்பக்கம் திரும்பி அடுத்த வரியை வரையும். கடைசி வரி முடிந்ததும் மீண்டும் மேலே செல்லும். திரும்பிச் செல்லும் நேரத்தில் எதுவும் வரையப்படாது. ஆகவே, கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளைவிடக் கூடுதலான புள்ளிகளுக்குரிய நேரத்தைக் கணனி ஒதுக்க வேண்டும்.

640க்கு 480 என்ற மிகப் பழைய அளவை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரிவது வரிக்கு 640 புள்ளிகள், ஒதுக்கப்படுவதோ 800. தெரிவது 480 வரிகள், ஒதுக்கப்படுவது 525. அட்டையின் புள்ளிக் கடிகாரம் 25.175 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் துடிக்கிறது. அதை 800 ஆல் வகுத்தால் செக்கனுக்கு ஏறத்தாழ 31,469 வரிகள். அதனை 525 ஆல் வகுத்தால் செக்கனுக்கு ஏறத்தாழ 59.94 முழுப் படங்கள். முதலாவது கிடை மீடிறன், இரண்டாவது நிலைக்குத்து மீடிறன்.

திரை ஏற்றுக்கொள்ளும் மீடிறனும் அட்டை அனுப்பும் மீடிறனும் ஒத்துப்போனால் படம் நிலையாக நிற்கும். ஒத்துப்போகாவிட்டால் படம் உருளும், கிழியும் அல்லது திரை கறுத்துவிடும். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாத பழைய திரைகளில் பிழையான இலக்கம் திரையையே பழுதாக்கக்கூடியதாக இருந்தது. மென்பொருளில் ஒரு வரியைத் தவறாக எழுதியதால் வன்பொருள் பழுதாவது கணனி உலகில் அரிதாக நிகழும் விடயம். லினக்ஸ் பயனாளர்கள் அந்த அச்சத்துடன்தான் பல ஆண்டுகள் திரையை அமைத்தார்கள்.

ஏதீனாவில் பிறந்த எக்ஸ்

லினக்ஸ் பிறப்பதற்கு முன்னரே அதன் திரை பிறந்துவிட்டது. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் 'ஏதீனா' என்ற திட்டம் நடந்துகொண்டிருந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் கணனிகளில் மாணவர்கள் ஒரே விதமாக வேலைசெய்ய வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. 1984 இல் பொப் ஷைஃப்லரும் ஜிம் கெற்றிஸும் அங்கே ஒரு சாளர முறைமையை உருவாக்கினார்கள். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் அதற்கு முன் எழுதப்பட்ட முறைமையின் பெயர் 'டபிள்யூ'. ஆங்கில நெடுங்கணக்கில் அதற்கு அடுத்த எழுத்து புதியதற்குப் பெயராயிற்று. எக்ஸ் முறைமையின் 11 ஆவது பதிப்பு 1987 செப்டெம்பரில் வெளிவந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக லினக்ஸ் திரைகள் பெரும்பாலும் அந்தப் பதிப்பின் வழிவந்த மென்பொருளிலேயே ஓடின.

எக்ஸ் பல்கலைக்கழகங்களின் விலையுயர்ந்த பணிநிலையங்களுக்காக எழுதப்பட்டது. அங்கே இயந்திரத்தைச் செய்தவர்களே திரையையும் தந்தார்கள். இலக்கங்களும் அவர்களிடமே இருந்தன. வீட்டுக் கணனியின் கதை வேறு. அட்டை ஒரு நாட்டிலிருந்து வரும், திரை இன்னொரு நாட்டிலிருந்து வரும். இரண்டையும் சேர்த்து விற்கும் கடைக்காரருக்கு எதனுடைய விபரமும் தெரியாது.

இன்டெல் 386 வகைக் கணனிகளுக்கு எக்ஸைக் கொண்டுவந்தவர் தோமஸ் ரோல். அவரது ஆக்கத்தின் பெயர் எக்ஸ்386. அதிலிருந்த குறைகளைத் திருத்த 1992 இல் டேவிட் டோஸ், கிளென் லாய், ஜிம் ட்சிலாஸ், டேவிட் வெக்செல்பிளாட் ஆகிய நால்வர் சேர்ந்தார்கள். எக்ஸ்386 வர்த்தகப் பொருளாகிய பின்னர், தங்கள் இலவச ஆக்கத்துக்கு அவர்கள் எக்ஸ்பிறீ86 என்று பெயரிட்டார்கள். ஆங்கிலத்தில் 'திறீ' என்ற மூன்று 'பிறீ' என்ற சுதந்திரமாக மாறிய சிலேடை அது. ஹெல்சிங்கி மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் வெளியிட்ட லினக்ஸுக்கு, 1992 இல் ஒரெஸ்ட் ஸ்பொரோவ்ஸ்கி எக்ஸைக் கொண்டுவந்து சேர்த்தார். இவ்வாறு லினக்ஸ் எழுத்துத் திரையிலிருந்து படத்திரைக்கு வந்தது.

பயனாளரே கணக்குப் பார்த்த காலம்

எக்ஸ்பிறீ86 இயங்குவதற்கு ஓர் அமைப்புக் கோப்பு வேண்டும். திரையின் கிடை மீடிறன் எல்லை, நிலைக்குத்து மீடிறன் எல்லை, அட்டையின் பெயர், அதிலுள்ள நினைவகம், ஒவ்வோர் அளவுக்கும் உரிய நேரக் கணக்கு ஆகிய அனைத்தையும் பயனாளரே அதில் எழுத வேண்டும். 640க்கு 480 என்பதற்கு நான் மேலே தந்த கணக்கு, அந்தக் கோப்பில் ஒன்பது இலக்கங்கள் கொண்ட ஒற்றை வரியாக இருக்கும்.

திரையுடன் வந்த கையேட்டின் கடைசிப் பக்கத்தில் மீடிறன் எல்லைகள் அச்சிடப்பட்டிருக்கும். கையேடு தொலைந்திருந்தால், அல்லது திரை பழைய பொருட்கள் விற்கும் கடையில் வாங்கியதாக இருந்தால், ஊகிப்பதைத் தவிர வழியில்லை. எரிக் ரேமண்ட் இந்த நேரக் கணக்குகளைச் சாதாரண பயனாளருக்கு விளக்கும் நீண்ட வழிகாட்டி ஒன்றைத் தொகுத்துப் பராமரித்தார். இலக்கத்தைப் பிழையாக எழுதினால் திரை கெடலாம் என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது. அன்று பலரும் தம் கணனியின் திரையை மீட்டது அதனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான்.

தொண்டர்களாகத் தொழிற்பட்ட ஒரு சிலர், உலகச் சந்தைக்கு வந்த நூற்றுக்கணக்கான அட்டைகளுக்கு இயக்கி மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அட்டைத் தயாரிப்பாளர்கள் விண்டோஸுக்குரிய இயக்கியைப் பெட்டிக்குள்ளேயே வைத்து விற்றார்கள். லினக்ஸுக்கு இயக்கி எழுத விரும்பியவருக்குப் பல நிறுவனங்கள் அட்டையின் விபரக்கொத்தைத் தரவே மறுத்தன. வேறு சில, இரகசியம் காப்பதாகக் கையெழுத்திட்டால் தருவதாகக் கூறின. எழுதிய நிரலை உலகத்துக்கே திறந்து வைப்பவர் அத்தகைய பத்திரத்தில் எப்படிக் கையெழுத்திடுவது?

திரை தன்னைப்பற்றிச் சொல்லத் தொடங்கியது

திரையின் பக்கத்தில் முதலில் வழி திறந்தது. காட்சிக் கருவித் தயாரிப்பாளர்களின் பொது அமைப்பான வெசா, 1994 இல் ஒரு நியமத்தை வெளியிட்டது. அதன்படி, திரைக்குள் இருக்கும் சிறிய நினைவகமொன்றில் 128 பைற்றுகள் எழுதப்பட்டிருக்கும். தயாரித்தவர் யார், எந்த ஆண்டு, எந்த அளவுகளைக் காட்ட முடியும், அவற்றுக்குரிய நேரக் கணக்கு என்ன என்பன அதில் அடங்கும். கணனி கேட்டால் திரை அதைச் சொல்லும். பயனாளர் கையேட்டைத் தேட வேண்டியதில்லை.

ஏற்பாடு நல்லதுதான். நடைமுறையில் அது பல இடங்களில் தடுக்கிற்று. பதினைந்து ஊசிகள் கொண்ட பழைய திரை வடத்தில் 12 ஆவது, 15 ஆவது ஊசிகள் வழியாகவே இந்தத் தகவல் செல்லும். மலிவான வடங்கள் சிலவற்றில் அந்தக் கம்பிகள் இருக்கவில்லை. இரண்டு கணனிகளுக்கு ஒரே திரையைப் பகிரும் பெட்டிகள் சில அந்தத் தகவலைக் கடத்தவில்லை. சில திரைகளில் எழுதப்பட்டிருந்த 128 பைற்றுகளே பிழையானவை. பதில் கிடைக்காத கணனி, எல்லாத் திரைக்கும் பொருந்தக்கூடிய சிறிய அளவுக்கு இறங்கிவிடும். ஆசிரியபீடத்தில் நாங்கள் கண்ட பருத்த எழுத்துகளின் இரகசியம் இதுவே.

நியமத்துக்குள்ளேயே இருந்த இன்னொரு சிக்கல் சுவையானது. அந்த 128 பைற்றுகளின் ஒரு பகுதியில், இடத்தைச் சிக்கனப்படுத்துவதற்காக, திரையின் அகலம் எட்டால் வகுக்கப்பட்டே எழுதப்படும். பின்னாளில் மடிக்கணனிகளிலும் தொலைக்காட்சிகளிலும் பரவிய 1366 என்ற அகலம் எட்டால் மீதியின்றி வகுபடாது. ஆகவே 1360 அல்லது 1368 என்று காட்டிய திரைகள் பல. ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோட்டையோ மங்கலான எழுத்தையோ கண்டு தமது கண்ணைச் சந்தேகித்தவர்கள் அநேகர்.

அகலத் திரை மடிக்கணனிகள் பெருகியபோது புதிய இடர் தோன்றியது. இன்டெலின் வரைவியற் சில்லுகளுக்கான அன்றைய லினக்ஸ் இயக்கி, திரையின் அளவை மாற்றும் பொறுப்பைக் கணனியின் பயோஸிடம் விட்டிருந்தது. பயோஸில் உள்ள அட்டவணையில் 1280க்கு 800 என்ற அளவு இல்லாவிட்டால், திரை எத்தனை சிறந்ததாக இருந்தாலும் அந்த அளவு வராது. இதற்கு '915ரெசொலூஷன்' என்ற சிறு நிரல் ஒன்று எழுதப்பட்டது. ஒவ்வொரு முறையும் கணனி தொடங்கும்போது, நினைவகத்தில் உள்ள அட்டவணையின் ஒரு வரியை அழித்து வேண்டிய அளவை அது அங்கே எழுதிவிடும். 2007 இல் இன்டெலின் புதிய இயக்கி பயோஸைக் கேட்காமல் தானே அளவை அமைக்கத் தொடங்கியதும் அந்தச் சிறு நிரலின் தேவை முடிந்தது.

2004: வீட்டுக்குள் ஒரு பிளவு

எல்லாத் தவறையும் வெளியாரின் தலையில் கட்டுவது நேர்மையாகாது. எக்ஸ்பிறீ86 குழுவுக்குள்ளும் மூடிய கதவுகள் இருந்தன. புதிய திருத்தங்களைச் சேர்க்கும் அதிகாரம் சிலரிடமே இருந்தது; வளர்ச்சி மந்தமாகிவிட்டது என்ற குறை பெருகிற்று. 2003 இல் கீத் பக்கார்ட் என்ற முக்கிய நிரலாளர் மையக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். 2004 பெப்ரவரியில் வெளிவந்த 4.4 பதிப்பின் உரிமத்தில், நன்றி தெரிவிப்பது தொடர்பான ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டிருந்தது. லினக்ஸ் உலகின் பொது உரிமத்துடன் அது பொருந்தாது என்று கருதிய டெபியன், ரெட் ஹட் முதலிய விநியோகங்கள் அதை ஏற்க மறுத்தன.

அதே ஆண்டு எக்ஸ்.ஓர்க் மன்றம் உருவாயிற்று. நிபந்தனை சேர்வதற்கு முந்திய நிரலை எடுத்து, ஏப்ரலில் அது தனது முதல் வெளியீட்டைத் தந்தது. விநியோகங்கள் விரைவில் அதன் பக்கம் சென்றன. எக்ஸ்பிறீ86இன் கடைசிப் பதிப்பு 2008 டிசெம்பரில் வெளிவந்தது. உரிமத்தின் ஒரு பந்தி, பன்னிரண்டு ஆண்டு உழைப்பின் திசையை மாற்றிவிட்டது.

பிளவின் பின்னர் வேகம் கூடியது. வேகத்துடன் விபத்தும் வந்தது. 2006 ஆகஸ்டில் உபுண்டு 6.06 பதிப்புக்கு அனுப்பப்பட்ட ஒரு புதுப்பிப்பு, பலருடைய கணனிகளில் எக்ஸை இயங்கவிடாமல் செய்தது. காலையில் கணனியைத் திறந்தவர்கள் கண்டது வெறும் எழுத்துத் திரை. சில மணி நேரத்தில் திருத்தம் வந்தது. ஆயினும், படத்திரை இல்லாதவர் அந்தத் திருத்தத்தை எப்படித் தேடிப் பெறுவது? இத்தகைய நிலைக்குப் பாதுகாப்பாக, 2007 ஒக்டோபரில் வந்த உபுண்டு 7.10 இல், எக்ஸ் தோற்றால் குறைந்த அளவிலாவது ஒரு படத்திரையைக் காட்டி, அமைப்பைத் திருத்த உதவும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது.

அச்சுப்பொறியில் தொடங்கிய வழக்கு

இனி அட்டையின் பக்கத்துக்கு வருவோம். கட்டற்ற மென்பொருள் இயக்கமே ஓர் இயக்கி மென்பொருளின் மனத்தாங்கலில் இருந்து பிறந்தது என்பதைப் பலர் அறியார். 1980 ஆம் ஆண்டளவில், மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் இருந்த ஸெரொக்ஸ் அச்சுப்பொறியில் அடிக்கடி காளிதம் சிக்கும். முந்திய அச்சுப்பொறியின் நிரலை ரிச்சர்ட் ஸ்டால்மன் திருத்தி, சிக்கல் ஏற்பட்டால் பயனாளருக்கு அறிவித்தல் வரும்படி செய்திருந்தார். புதிய அச்சுப்பொறிக்கும் அவ்வாறே செய்ய மூலநிரலைக் கேட்டார். அதனை வைத்திருந்தவர், இரகசியம் காக்கும் உடன்பாட்டில் கையெழுத்திட்டிருந்ததால் தர மறுத்தார். 1983 செப்டெம்பரில் ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டத்துக்கு அந்த மறுப்பும் ஒரு தூண்டுதலாயிற்று.

இருபது ஆண்டுகளின் பின்னர் அதே வழக்கு வரைவியல் அட்டையில் திரும்பி வந்தது. முப்பரிமாண விளையாட்டுச் சந்தையில் என்விடியாவும் ஏரிஐயும் போட்டியிட்டன. இரண்டும் லினக்ஸுக்கு இயக்கிகளைத் தந்தன; ஆனால் அவற்றின் முப்பரிமாண இயக்கிகள் மூடிய பொதிகள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை எவரும் பார்க்க முடியாது. லினக்ஸின் கருவோ எக்ஸோ புதிய பதிப்புக்கு மாறும்போது, பொதியைத் தந்த நிறுவனம் அதனை மாற்றித் தரும்வரை பயனாளர் காத்திருக்க வேண்டும். அதற்கிடையில் புதுப்பித்தவருக்குக் கிடைப்பது கறுத்த திரை.

இரண்டு நிறுவனங்கள், இரண்டு பாதைகள்

2006 இல் ஏரிஐயை ஏஎம்டி வாங்கியது. 2007 செப்டெம்பரில் ஏஎம்டி தனது அட்டைகளின் விபரக்கொத்துகளைப் பொதுவில் வெளியிடப்போவதாக அறிவித்து, அம்மாதமே முதல் ஆவணங்களைத் தந்தது. இரகசியக் கையெழுத்து எதுவும் கேட்கப்படவில்லை. சூசே நிறுவனத்தின் பொறியியலாளர்கள் அவற்றை வைத்துத் திறந்த இயக்கி ஒன்றை எழுதத் தொடங்கினார்கள்.

இதன் பெறுமதி 2009 இல் தெரிந்தது. அந்த ஆண்டின் வசந்தத்தில், 2002 முதல் விற்கப்பட்ட ரேடியன் 9700 தொடக்கம் எக்ஸ்1000 வரிசை வரையான அட்டைகளைத் தனது மூடிய இயக்கியிலிருந்து ஏஎம்டி கைவிட்டது. அவற்றுட் சில வாங்கப்பட்டு மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஏப்ரலில் வந்த உபுண்டு 9.04 இன் புதிய எக்ஸுடன் பழைய மூடிய இயக்கி ஒத்துப்போகவில்லை. ஆயினும் விபரங்கள் வெளியே வந்திருந்தமையால் திறந்த இயக்கி அந்த அட்டைகளை ஏற்றுக்கொண்டது. நிறுவனம் கைவிட்ட பல ஆண்டுகளின் பின்னரும் அவை லினக்ஸில் உயிருடன் இருந்தன.

என்விடியாவின் பக்கத்தில் அத்தகைய ஆவணம் கிடைக்கவில்லை. அந்நிறுவனம் தந்த திறந்த இயக்கி இருபரிமாண வேலைக்கு மட்டுமே உதவியது. அதன் நிரலும் பிறர் வாசித்து விளங்கிக்கொள்ள முடியாதபடி வெற்று இலக்கங்களால் நிறைந்திருந்தது. ஸ்டெபான் மார்ஷெசின் என்பவர் தொடங்கிய 'நூவோ' திட்டம் வேறு வழியில் சென்றது. நூவோ என்றால் பிரெஞ்சு மொழியில் 'புதிய' என்று பொருள். மூடிய இயக்கியை ஓடவிட்டு, அது அட்டையின் எந்தப் பதிவகத்தில் எந்த இலக்கத்தை எழுதுகிறது என்பதை வேவு பார்ப்பதே அவர்களின் முறை. அதற்கென ஒரு சிறு நிரலை எழுதி வெளியிட்டார்கள். பல நாடுகளில் உள்ள சாதாரண பயனாளர்கள் அதைத் தமது கணனியில் ஓடவிட்டு, கிடைத்த பதிவுகளை அவர்களுக்கு அனுப்பினார்கள். அட்டைக்கு ஏற்கெனவே பணம் செலுத்தியவர்கள், தாம் வாங்கிய பொருள் எப்படி வேலைசெய்கிறது என்பதை அறிய அதனையே ஒற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. 2010 பெப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.33 இல் நூவோ சேர்க்கப்பட்டது.

ஒரு திரைக்கு இரு எசமானர்கள்

கறுத்த திரைக்கு இன்னுமொரு காரணம் இருந்தது. கணனி தொடங்கும்போது எழுத்துத் திரையைக் கவனிப்பது லினக்ஸின் கரு. படத்திரை வந்ததும் எக்ஸ் அட்டையை நேரடியாகக் கையில் எடுக்கும். ஒரே அட்டைக்கு இரண்டு எசமானர்கள். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் அறியாதபோது திரை உறைந்துவிடும். மடிக்கணனியை உறங்கவிட்டு எழுப்பினால் திரை எழும்பாமல் போனதற்கும் பல வேளைகளில் இதுவே காரணம்.

2009 மார்ச்சில் வந்த லினக்ஸ் 2.6.29 இந்த முறையை மாற்றத் தொடங்கியது. திரையின் அளவை அமைக்கும் பொறுப்பு கருவுக்கே வந்தது. முதலில் இன்டெல் சில்லுகள், பின்னர் ரேடியன், அதன்பின் நூவோ என்று ஒவ்வொன்றாக அந்த ஒழுங்குக்குள் வந்தன. பெரும்பாலான கணனிகளில் அமைப்புக் கோப்பே தேவையற்றதாயிற்று. 2006 இல் தம்பி திருத்திய அந்தக் கோப்பு, இன்று புதிதாக நிறுவப்படும் முறைமைகளில் பொதுவாக இருப்பதே இல்லை.

பின்லாந்தில் ஒரு கேள்வி

2012 ஜூனில், பின்லாந்தின் ஆல்ரோ பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் உரையாற்றினார். இரண்டு வரைவியற் சில்லுகள் கொண்ட தனது மடிக்கணனியில் என்விடியாவின் பகுதி லினக்ஸில் இயங்கவில்லை என்று ஒரு பெண் எழுந்து முறையிட்டார். டோர்வால்ட்ஸ் அந்நிறுவனத்தைக் கடுமையாகச் சாடி, ஒளிப்படக் கருவியைப் பார்த்து நடுவிரலையும் உயர்த்தினார். அந்தக் காட்சி உலகம் முழுவதும் பரவியது. அநாகரிகம் என்றார்கள் சிலர். விரலைப் பார்த்தவர்கள் கேள்வியை மறந்துவிட்டார்கள் என்பதே என் கவலை. கேள்வி நியாயமானது.

அதன் பின்னரும் பாதை நேராக இருக்கவில்லை. 2014 முதல் வந்த என்விடியா அட்டைகள், அந்நிறுவனத்தின் ஒப்பம் பெற்ற உள்நிரலை மட்டுமே ஏற்றன. இதனால் நூவோவினால் அட்டையின் வேகத்தை உயர்த்த முடியாமற்போனது. பழைய அட்டைகளுக்கான மூடிய இயக்கி வரிசைகள் ஒவ்வொன்றாக ஓய்வுபெற்றன. 340 ஆம் வரிசை 2019 இன் இறுதியுடன் முடிவுக்கு வந்தது. 2022 மே மாதத்தில், கருவுக்குள் இயங்கும் தனது இயக்கிப் பகுதியின் நிரலை என்விடியா திறந்தது. பயனாளர் பகுதி மூடியே இருந்தது. பழைய அட்டைகளும் அதில் அடங்கவில்லை. ஆனாலும், பல ஆண்டுகள் தட்டப்பட்ட ஒரு கதவு சற்றே அசைந்தது என்று சொல்லலாம்.

எக்ஸும் முதுமை எய்தியது. 2008 இல் கிறிஸ்ரியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலாண்ட் அதன் இடத்துக்கு வந்தது. 2016 நவம்பரில் வந்த பெடோரா 25 அதை இயல்பான திரையாக்கியது. உபுண்டுவும் பின்னர் அந்த வழிக்கு வந்தது.

இன்று திரை கறுத்தால்

வரலாற்றை அறிந்தவருக்குத் திருத்தும் வழியும் எளிதாக விளங்கும். கணனி தொடங்கும்போதே திரை கறுத்தால், தொடக்கப் பட்டியலில் 'நோமோட்செற்' என்ற சொல்லைச் சேர்த்து இயக்க வேண்டும். அளவை அமைக்கும் வேலையைக் கரு அப்போது கைவிட்டு, பழைய எளிய திரையைத் தரும். அது மருந்தன்று, நோயைப் பார்ப்பதற்கான விளக்கு. அந்த வெளிச்சத்தில் அட்டையின் பெயரையும், அதற்குரிய இயக்கியையும், கரு எழுதிவைத்த பதிவேட்டையும் பார்க்க வேண்டும். மூடிய இயக்கியைப் போட்டபின் கறுத்ததாயின் அதை அகற்றிவிட்டுத் திறந்த இயக்கிக்குத் திரும்பலாம்.

திரை வந்தும் அளவு சிறிதாயிருந்தால், முதலில் வடத்தை மாற்றிப் பாருங்கள். பத்து ரூபாய்ச் சிக்கலுக்குப் பத்து மணி நேரம் செலவிட வேண்டாம். அதுவும் பயன்தராவிடின், 2003 இல் வெசா வெளியிட்ட பொதுச் சூத்திரத்தின்படி நேரக் கணக்கை நொடியில் தரும் கருவி உண்டு. எக்ஸ் திரையில் 'எக்ஸ்ராண்டர்' கட்டளையால் அதைச் சேர்க்கலாம். வேலாண்டாயின், கரு தொடங்கும்போதே வேண்டிய அளவைக் கட்டளையாகக் கொடுக்கலாம். எரிக் ரேமண்டின் வழிகாட்டியைப் பார்த்து அன்று கையால் செய்த கணக்கு இதுதான்.

அந்தப் பழைய கணனி எங்கள் ஆசிரியபீடத்தில் மேலும் நான்கு ஆண்டுகள் உழைத்தது. நிறுவனம் தந்த இயக்கியை அகற்றித் திறந்த இயக்கியுடன் ஓடிய காலத்தில் அது ஒருமுறையும் கறுக்கவில்லை. செய்தி தட்டச்சுச் செய்யவும் மின்னஞ்சல் பார்க்கவும் அது போதும். தேவை கருதிப் பழைய பொருளைப் பேணிப் பயன்படுத்தும் எங்களைப் போன்ற நாடுகளில் இது சிறிய விடயமன்று. நல்ல நிலையில் இருந்த எத்தனையோ அட்டைகள், அவற்றின் இலக்கங்களை வைத்திருந்தவர் கைவிட்ட ஒரே காரணத்தால் குப்பைக்குச் சென்றன. இலக்கங்கள் வெளியே இருந்தவை தப்பிப் பிழைத்தன.

ஒரு பொருளை விற்பவருக்குத் தொழில் இரகசியம் இருக்கலாம். ஆனால் வாங்கியவர் தன் பொருளைத் திருத்தத் தேவையான விபரத்தை மறைப்பது எந்த நியாயத்தில் சேரும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த இளைஞர் இப்போது வெளிநாடு ஒன்றில் இருக்கிறார். சென்ற ஆண்டு தொலைபேசியில் பேசியபோது பழைய கணனியை நினைவூட்டினேன்.

"இப்ப எல்லாரும் சொல்லுகினமா?" என்று கேட்டேன்.

"முந்தியைவிடப் பரவாயில்லை ஐயா. ஆனால் கேட்டுக்கொண்டே இருக்கவேணும்" என்றார்.

அது எங்கள் தொழிலுக்கும் பொருந்தும்.